ஆப்பில் கிடைக்காத மருந்து

அறுகம்பே மணலில் இருந்தபடியே கொழும்பு ஸ்பெஷலிஸ்டை ஃபோனில் சனல் பண்ணலாம். மருந்துத் துண்டும் வாட்ஸ்அப்பில் வந்துவிடும். மருந்துதான் வராது. 2022இல் டொலர் தீர்ந்து அரச ஆஸ்பத்திரிகளே மருந்துக்குக் கையேந்தின. நமது அரசு எதையும் முன்கூட்டியே செய்யும்: 2021இலேயே தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையின் தரவுகள் கணினியிலிருந்து அழிந்துபோயின. மருந்துக்கு முன்னால் மருந்தின் கோப்புக்குத் தட்டுப்பாடு!

ஆப் இல்லாத காலத்திலேயே மருந்துக்கு வழி சொன்னவர் ஒருவர் உண்டு. 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவரான சேனக்க பிபிலே, கொம்பனிப் பெயரை விடுங்கள், பொதுப்பெயரில் மலிவாக வாங்குங்கள் என்றார். பாவம், அவருக்கு ஸ்டார்ட்அப் தொடங்கத் தெரியவில்லை. மருந்து விலையைக் குறைக்க மட்டுமே தெரிந்திருந்தது.

அடுத்தமுறை ஆப்பைத் திறக்குமுன், பாமசிக் காக்காவுக்கு ஒரு கோல் எடுத்து, மருந்து இருக்கா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.