எதுக்கும் இருக்கட்டும்

வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு உருவானால் எங்கள் வீட்டுப் பரணிலிருந்து பயணப் பை இறங்கிவிடும். கார்த்திகை தீபத்துக்குத் திருவண்ணாமலை போக வேண்டும். இந்தத் தீபத்தைப் பங்குனியில் வைத்திருந்தால் யார் கேட்கப் போகிறார்கள்? அடைமழைக் காலத்தில், 2,668 அடி மலையின் உச்சியில், ஆயிரக்கணக்கான கிலோ நெய் ஊற்றி ஏற்றுகிறார்கள். அது பாட்டுக்குப் பதினோரு நாள் எரிகிறது. நமுத்துப்போவது நாம்தான்.

பாண்டியிலிருந்து விழுப்புரம் வழியாக நூறு கிலோமீட்டர் சொச்சம். அதற்கு அம்மா கட்டும் மூட்டையைப் பார்த்தால் காசிக்குப் போய் அங்கேயே தங்கிவிடுவார் போலிருக்கும். போர்வை, சுக்கு, தைலம், டார்ச், அந்த டார்ச் எரியாவிட்டால் மெழுகுவத்தி. கேட்டால், "எதுக்கும் இருக்கட்டும்டா." மனைவி தன் பங்குக்கு ஆளுக்கு மூன்று மாற்றுத் துணி வைப்பாள். மழையில் முதலில் நனைவது முதுகில் இருக்கும் பை. மாற்றுத் துணியைப் பிழிந்த பிறகு கட்டியிருக்கும் வேட்டியே தேவலை என்று தோன்றும்.

செருப்பு தனிக் கதை. கிரிவலம் வெறுங்காலோடு. அந்தக் கூட்டத்தில் வெளியே விட்டால் செருப்பு திரும்பாது. ஆகவே அதுவும் பைக்குள். இந்திர லிங்கம் முதல் ஈசான்ய லிங்கம் வரை 14 கிலோமீட்டர், நான் நடக்க, செருப்பு என் முதுகில் சவாரி வரும். குடையோ, விரித்தால் கம்பி பின்னால் வருபவர் கண்ணில், தண்ணீர் பக்கத்தில் வருபவர் கழுத்தில். எனக்குத் தெரிந்து அண்ணாமலையார் பெயருக்கு அடுத்தபடி அங்கே அதிகம் கேட்பது "யோவ், குடையை மடக்கு!"

2024-இல் மட்டும் வீட்டில் யாரும் பட்டியல் போடவில்லை. நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையேறி, ஒரே நாளில் 46 செ.மீ.க்கு மேல் கொட்டியது. மறுநாள் திருவண்ணாமலையில் மலைச்சரிவில் மண் சரிந்து ஏழு பேர் இறந்தார்கள். டிசம்பர் 13 தீபத்தன்று பக்தர்கள் மலையேறத் தடை. எங்கள் பை பரணிலேயே இருந்தது.

உண்மையில் வேண்டியது கொஞ்சம்தான். பாலிதீன் உறையில் செல்போன், ஒரு துண்டு, தினப்படி மாத்திரை, சில்லறை, புளியோதரை. குழந்தை இருந்தால் கையில் போன் நம்பர் எழுதிய பட்டை, போலீஸ்காரர்களே கட்டிவிடுகிறார்கள். மற்றதெல்லாம் வழிநெடுகக் கடையில் கிடைக்கும்.

பாண்டிக்காரர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. எல்லை தாண்டியதும் நம் பையைத் திறந்து பார்ப்பார்கள். அம்மா வயிற்றுவலிக்கென்று ஓமத் தண்ணீரைப் பழைய பிராந்தி பாட்டிலில் ஊற்றி வைத்திருந்தார். நம் ஊரில் காலி பாட்டிலுக்கா பஞ்சம்? சோதித்தவர் மூடியைத் திறந்து முகர்ந்து, அம்மாவின் நெற்றித் திருநீற்றைப் பார்த்து, மறுபடி முகர்ந்தார். பின்னால் பஸ் முழுக்கக் காத்திருந்தது. ஓமத் தண்ணீரோ, நெய்யோ, தயவுசெய்து ஹார்லிக்ஸ் பாட்டிலில் கொண்டு போங்கள்.