ஏழு மில்லிமீட்டர் வீரம்

கடலுக்கு அடியில் போவதில் ஒரு கஷ்டமும் இல்லை சார். இடுப்பில் ஈயத்தைக் கட்டிக்கொண்டால் யாரும் போகலாம். கஷ்டமெல்லாம் கரையில். ஒரு சிலிண்டர் காற்று முக்கால் மணி நேரம் வந்தால் பெரிது. அந்த முக்கால் மணிக்காக விடியற்காலையில் எழுந்து, காரில் மூட்டை ஏற்றி, பார்க்கிங்குக்கு அலைந்து, ரப்பர் உடையோடு மல்லுக்கட்டி, சொட்டச் சொட்ட வீடு திரும்பி, ராத்திரி குளியலறைத் தொட்டியில் எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் அலசிப் போட்டு, மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொள்வது வரை சகலமும் தரையில்தான் நடக்கிறது. இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

விளம்பரத்தில் காட்டுவது மாலத்தீவு. வெதுவெதுப்பான தண்ணீர், அரைக்கால் சட்டை, கலர் கலராக மீன். எங்களுக்கு வாய்த்தது கலிபோர்னியாவின் மான்டரே. வசந்த காலத்தில் வடமேற்குக் காற்று மேல்தண்ணீரைக் கரையை விட்டுத் தள்ளிக்கொண்டு போகும். அந்த இடத்துக்கு அடியாழத்திலிருந்து குளிர்ந்த தண்ணீர் ஏறி வரும். அதில் சத்து அதிகம், அதனால் பாசி, பாசியால் மீன், மீனால் திமிங்கலம் வரைக்கும் செழிப்பு என்று எங்கள் டாக்டர் விளக்குவார். எனக்குப் புரிந்தது, வருஷம் முழுக்க 10 முதல் 14 டிகிரிதான் என்பது மட்டும்.

நாங்கள் மூன்று பேர், ஃப்ரீமான்ட்டில் அடுத்தடுத்த தெருவில் குடியிருக்கும் குடும்பஸ்தர்கள். ஒருவரைத் தலைவர் என்போம். எந்தக் காரியத்தையும் ஆரம்பித்து வைப்பவர். முடித்து வைப்பது அவர் இலாகாவில் வராது. இன்னொருவர் டாக்டர், வைத்தியம் தெரியாது, பாலிமர் வேதியியலில் பட்டம். மூன்றாவது அடியேன். பொங்கல் விழாவில் தலைவர், "கடலோரத்துலயே வீடு வாங்கிட்டுக் கடலுக்குள்ள என்ன இருக்குன்னு தெரியாமலே போய்ச் சேரப் போறோமா?" என்று கேட்டார். என் வாயில் கேசரி இருந்தது. தலையாட்டினேன். அதைச் சம்மதம் என்று எழுதிக்கொண்டார்.

மன்னார்குடியில் இருக்கும் அம்மாவுக்குப் போனில் சொன்னேன். "ஏண்டா, உனக்குத் தண்ணியில கண்டம்னு ஜாதகத்துல இருக்கே, மறந்துட்டியா? மீன் பிடிக்கவா போறே?"

"இல்லம்மா. சும்மா பார்க்க."

"நாம சாப்பிடாத வஸ்துவை அவ்வளவு தூரம் போய்ப் பார்த்து என்னடா ஆகப் போகுது?" என்றாள். பதில் இன்றைக்கும் என்னிடம் இல்லை.

இந்தக் குளிருக்கு ஏழு மில்லிமீட்டர் தடிமனில் வெட்சூட் என்ற அந்த ரப்பர் உடை வேண்டும். அதைக் கண்டுபிடித்தவர் பெர்க்லியில் இருந்த ஹியூ பிராட்னர் என்ற இயற்பியலாளர், 1950-களின் தொடக்கத்தில். அதற்கு முன்னால் லாஸ் அலமோஸில் அணுகுண்டுத் திட்டத்தில் வேலை பார்த்தவர். மனித குலத்தின் மேல் அவருக்கு இன்னும் கொஞ்சம் கோபம் பாக்கி இருந்திருக்கிறது. தண்ணீர் உள்ளே வந்தாலும் பரவாயில்லை, அந்த மெல்லிய படலத்தை உடம்புச் சூடு காய்ச்சிவிடும், ரப்பருக்குள் இருக்கும் குமிழிகள் சூட்டை வெளியே விடாது என்பது அவருடைய யோசனை. யோசனை பிரமாதம். ஆனால் காலை உள்ளே விட்டால் கணுக்காலோடு நின்றுவிடும். பாதத்தில் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு நுழைத்தால் வழுக்கிக்கொண்டு போகும் என்று தலைவர் சொல்லிக்கொடுத்தார். போனது. பையும் உள்ளேயே தங்கிவிட்டது. நடக்கும்போதெல்லாம் தொடைக்குள்ளிருந்து மளிகைக்கடைச் சத்தம்.

உடம்பு இளைக்கலாம் என்றுதான் நான் இதில் சேர்ந்தேன். போன இடத்தில் 13 கிலோ ஈயத்தைக் கட்டிவிட்டார்கள். ரப்பரும் மிதக்கும், கொழுப்பும் மிதக்கும், அதனால் உங்களுக்கு மட்டும் மற்றவர்களைவிட இரண்டு கிலோ கூட என்று பயிற்சி கொடுத்த பெண், கடற்கரைக்கே கேட்கும்படி அறிவித்தாள். என் மகள் வயதுதான் இருக்கும். முதுகில் வேறு ஒரு சிலிண்டர், அது 14 கிலோ. இத்தனையோடு குனியக் கூடாது. குனிந்தால் நிமிர்த்துவதற்கு இரண்டு பேர் வர வேண்டும்.

அடுத்து மீசை. இருபது வயதிலிருந்து என்னோடு இருப்பது. கல்யாண ஆல்பத்தில் எனக்கு முன்னால் அதுதான் தெரியும். மீசை இருந்தால் மாஸ்க் முகத்தோடு ஒட்டாது, மயிர் வழியாகத் தண்ணீர் கசிந்து மூக்குக்கு வரும். மூக்குக்குக் கீழே ஒரு கோடு மட்டும் மழித்தால் போதும் என்றாள் அந்தப் பெண். மழித்தேன். மனைவி கொஞ்ச நேரம் பார்த்தாள். "ஒண்ணு வெச்சுக்கங்க, இல்லன்னா முழுசா எடுத்துடுங்க. இப்படி ரெண்டுங்கெட்டானா ஆபீஸ் போகாதீங்க." முழுசாக எடுத்தேன். அன்றைக்கு வீடியோவில் அம்மா, "யாருடீ அது, நம்ம வீட்டுல?" என்று என் மனைவியை விசாரித்தாள். இத்தனைக்கும் பிறகு மாஸ்க் கசியவே செய்தது. பட்டை தளர்வாக இருந்திருக்கிறது.

தண்ணீருக்குள் பேச முடியாது, எல்லாம் சைகை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வட்டமாகச் சேர்ந்தால் 'சரி'. கட்டைவிரலைத் தூக்கினால் 'மேலே போகலாம்'. இதெல்லாம் பாடத்தில் உண்டு. பாடத்தில் இல்லாதது நம்மூர்த் தலையாட்டல். பயிற்சிப் பெண் 'சரியா?' என்று கேட்டாள். நான் பக்கத்துக்குப் பக்கம் தலையை ஆட்டினேன். மறுபடி கேட்டாள். இன்னும் மரியாதையாக ஆட்டினேன். அவள் முகம் மாறியது. பயப்பட ஒன்றுமில்லை, ஏதோ சுமாராகப் போகிறது என்று சொல்ல, உள்ளங்கையை விரித்து இப்படியும் அப்படியும் ஆட்டிக் காட்டினேன். கடலுக்கடியில் அதற்கு 'எனக்குப் பிரச்சினை' என்று அர்த்தம். அடுத்த நிமிஷம் சிலிண்டரின் கழுத்தைப் பிடித்து என்னை மேலே இழுத்துக்கொண்டு போய்விட்டாள். "என்ன ஆச்சு?" "ஒன்றும் ஆகவில்லை, சுமார் என்றேன்." அன்றைக்கு எனக்குச் சான்றிதழ் கிடைக்கவில்லை.

பிறகு கிடைத்தது. கிடைத்தவுடன் தலைவர் எங்களைக் கார்மெல் பக்கம் மொனாஸ்டரி பீச்சுக்குக் கூட்டிப்போனார். எதிரே கார்மலைட் கன்னியர் மடம் இருப்பதால் அந்தப் பெயர். தலைவர் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், நெடுஞ்சாலை ஓரத்தில் பார்க்கிங் இலவசம். உள்ளூர் டைவர்கள் அதை மார்ச்சுவரி பீச் என்பார்கள். விளையாட்டுக்குச் சொல்வதில்லை, அங்கே உயிர்கள் போயிருக்கின்றன. பெருமணல், செங்குத்துச் சரிவு, அலை காலடியிலேயே வந்து உடையும். ஆகவே வெளியே வரும்போது எழுந்து நிற்கவே கூடாது, மூச்சு விடும் ரெகுலேட்டரை வாயிலிருந்து எடுக்காமல் உலர்ந்த மணல் வரும்வரை நாலு காலில் தவழ வேண்டும் என்பது அங்கே எழுதாத சட்டம். சம்பாதிக்கிற, வீட்டுக் கடன் கட்டுகிற மூன்று பேர் வரிசையாகத் தவழ்ந்தோம். ஒவ்வோர் அலையும் நாங்கள் தவழ்ந்த தூரத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டது. கீழே விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்று சொல்லிக்கொள்வார்கள். எனக்கு அதற்கும் வழியில்லை, மீசையே இல்லை.

அதற்கப்புறம் மான்டரேயின் சான் கார்லோஸ் பீச்சோடு நிறுத்திக்கொண்டோம். சாதுவான கரை, புல்வெளி, ஷவர், கழிப்பறை. பக்கத்தில் அலைதடுப்புச் சுவர், அதன்மேல் கடற்சிங்கங்கள் கூச்சலும் நாற்றமுமாகக் குடித்தனம் நடத்தும். சாவி விவகாரம் இங்கேதான் நடந்தது.

அன்றைக்குப் புல்வெளியில் நான் வெட்சூட்டின் இரண்டாவது கையோடு போராடிக்கொண்டிருந்தேன். ஒரு தமிழ்க் குடும்பம் கடந்து போனது. சுற்றிப் பார்க்க வந்தவர்கள். அந்தம்மா குரலைத் தாழ்த்தாமல், "நம்ம ஆளு மாதிரி இருக்கு. பாவம், ஐ.டி.யில வேலை போயிருக்கும். இங்க வேலை போனா அறுபது நாள்தானாமே, கிடைச்சதைச் செய்ய வேண்டியதுதான்" என்றார். நான் தமிழன் என்று காட்டிக்கொள்ளவில்லை. காட்டிக்கொள்ளும் நிலையிலும் இல்லை. தலை ரப்பருக்குள் இருந்தது.

"சீக்கிரம் வாங்க, தண்ணி தெளிவா இருக்கு" என்று தலைவர் கத்தினார். வண்டி என்னுடையது. பூட்டினேன். சாவியை வண்டிக்கு அடியில் தொங்கும் எண் பூட்டுப் பெட்டியில் வைக்க வேண்டும் என்பது எங்கள் ஏற்பாடு. குனிய வேண்டுமே. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று மிதவைச் சட்டையின் பாக்கெட்டில் போட்டேன்.

உள்ளே போனோம். இங்கே கேலியைக் கொஞ்சம் நிறுத்திவைக்கிறேன், ஏனென்றால் அந்தக் காடு நிஜமாகவே காடு. கெல்ப் என்ற ராட்சதக் கடற்பாசி தரையிலிருந்து மேல்மட்டம் வரை நிற்கும். நல்ல பருவத்தில் நாளுக்கு அரை மீட்டர்கூட வளரும். ஒவ்வோர் இலையின் அடியிலும் ஒரு காற்றுக்குமிழ், அதுதான் தூக்கி நிறுத்துகிறது. மேலே அது கூரையாகப் படர, இடுக்கு வழியாக வெயில் கம்பி கம்பியாக இறங்கும். காலில் சுற்றிக்கொண்டால் இழுக்கக் கூடாது, அறாது. மடக்கி ஒடித்தால் ஒடியும். அடியில் ஒரு பழைய குழாயைப் பிடித்துக்கொண்டே போனால் 15 மீட்டர் ஆழத்தில் வெள்ளை வெளேரென்று கடற்சாமந்தி வயல், காலிபிளவர் தோட்டம் மாதிரி.

வழியில் ஒரு பாட்டில் கிடந்தது. அதற்குள்ளிருந்து ஒரு மீன் தலையை மட்டும் நீட்டிப் பார்த்தது. சார்காஸ்டிக் ஃபிரிஞ்ச்ஹெட் என்று பெயர். ஓர் அடி தாண்டாது. நான் விரலைக் கிட்டே கொண்டுபோனதும் வாயைத் திறந்தது பாருங்கள், இரண்டு கன்னமும் குடை விரிந்து, தலையைவிட வாய் பெரிதாக நின்றது. அது சாப்பிடத் திறக்கும் வாய் இல்லை. என் வீட்டு வாசலில் நிற்காதே என்று அதட்டும் வாய். நான் விரலை எடுத்ததும் மூடிக்கொண்டு, ஒன்றுமே நடக்காததுபோல் பாட்டிலுக்குள் பின்வாங்கியது. நாங்கள் நகர்ந்தது தன் அதட்டலால்தான் என்று நினைத்திருக்கும். நானும் வீட்டில் அப்படி நினைத்துக்கொண்டு பல வருஷம் இருந்தவன்தான். எனக்கு அதை மிகவும் பிடித்துப்போனது.

அப்போது டாக்டர் தோளைத் தட்டினார். என் சைகைகளை நம்ப முடியாது என்று அவர் எழுதுபலகை ஒன்று வாங்கி வைத்திருந்தார். விரல் விறைத்த கையெழுத்தில் எழுதிக் காட்டினார்: "சாவி பெட்டியில வெச்சீங்களா?"

பாக்கெட்டைத் தடவினேன். இருந்தது. அந்த ஆழத்தில் அழுத்தம் தரையில் இருப்பதைப்போல் இரண்டரை மடங்கு. எலக்ட்ரானிக் சாவி, உப்புத் தண்ணீர். டாக்டரின் முகத்தைப் பார்த்தேன். விரல்களை வட்டமாகச் சேர்த்து, பாடத்தில் உள்ளபடி மிகச் சரியாக, 'சரி' என்று காட்டினேன்.

கரைக்கு வந்து சாவியை அழுத்தினால் வண்டிக்குக் கேட்கவில்லை. உள்ளே எங்கள் துணி, துண்டு, பர்ஸ், மூன்று போன், எலுமிச்சம் சாதம். ஒரு போன் கடன் வாங்கி வீட்டுக்குப் பேசலாம் என்றால் இன்னொரு சிக்கல். மனைவியின் நம்பர் எனக்கு மனப்பாடம் இல்லை. தலைவருக்கும் டாக்டருக்கும் அவரவர் மனைவி நம்பர் மனப்பாடம் இல்லை. மூன்று பேருக்குமாக நினைவிருந்தது ஒரே ஒரு நம்பர்: மன்னார்குடி வீட்டு லேண்ட்லைன்.

கேட்கிற தூரத்தில் இருந்தது அந்தத் தமிழ்க் குடும்பம்தான். "அம்மா, ஊருக்கு ஒரு போன் பண்ணிக்கலாமா?" என்று தமிழில் கேட்டேன். அந்தம்மா சிலையானார். கணவர் அவசரமாகப் போனை நீட்டினார்.

மன்னார்குடியில் அப்போது ராத்திரி பதினொன்று. "அம்மா, நான்தான். பயப்படாதே."

"தண்ணியிலயா இருக்கே?"

"இல்லம்மா, கரையிலதான்."

"அப்ப சரி. என்ன வேணும் சொல்லு."

சொன்னேன். அம்மா ஃப்ரீமான்ட்டைக் கூப்பிட்டு என் மனைவியிடம், "அவன் கடல்ல சாவியைத் தொலைச்சுட்டுத் தேடிக்கிட்டிருக்கான், வேற சாவி வேணுமாம்" என்று சொல்லியிருக்கிறாள். வேறு எந்த மனைவியாக இருந்தாலும் சந்தேகம் கேட்டிருப்பாள். என் மனைவி ஒன்றும் கேட்காமல் கிளம்பிவிட்டாள். 130 கிலோமீட்டருக்கு மேல். வருகிற வரைக்கும் மூன்று பேரும் ஈர வெட்சூட்டோடு புல்வெளியில் உட்கார்ந்திருந்தோம். 2013-ல் நட்சத்திர மீன்களுக்கு நோய் வந்தது, அவை செத்ததும் கடல் முள்ளெலிகள் பெருகிக் கலிபோர்னியாவின் கெல்ப் காடுகளைத் தின்று தீர்த்தன, நீர்நாய் இருக்கும் இடங்களில்தான் காடு ஓரளவு தப்பியது என்று டாக்டர் விலாவாரியாகச் சொன்னார். எழுந்து போக முடியாத நிலையில் முழுசாகக் கேட்டேன்.

அந்தக் குடும்பம் கிளம்பும்போது கணவர் மட்டும் திரும்பி வந்தார். என் கையைப் பிடித்து, ஒரு விசிட்டிங் கார்டைக் கொடுத்து, "மனசை விட்டுடாதீங்க சார். எங்க கம்பெனியில ஆள் எடுக்கறாங்க, ரெஸ்யூமே அனுப்புங்க" என்றார். தலைவர் எனக்கு முன்னால் அதை வாங்கிக்கொண்டார்.

மனைவி வந்தாள். மாற்றுச் சாவி, பிளாஸ்க்கில் மிளகு ரசம், மூன்று டம்ளர். எங்களை வரிசையாகப் பார்த்துவிட்டு, "யார் மொதல்ல குடிக்கறீங்க?" என்று மட்டும் கேட்டாள். புதுச் சாவிக்கு ஆன செலவை இங்கே எழுதினால் அவள் படித்துவிடுவாள், வேண்டாம்.

நீங்கள் வருவதாக இருந்தால் செப்டம்பரிலிருந்து நவம்பருக்குள் வாருங்கள், தண்ணீர் அப்போதுதான் தெளிவு. இன்னொரு டைவிங் இடமான பாயின்ட் லோபோஸுக்குப் போக ஆசை என்றால் முன்பதிவு வேண்டும். சான் கார்லோஸுக்கு வேண்டாம், ஆனால் காலை ஏழு மணிக்கே வந்துவிட்டால்தான் பார்க்கிங். புறப்படும் முன் மனைவியின் செல் நம்பரை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். முடியவில்லை என்றால் பரவாயில்லை, மன்னார்குடி நம்பரை நான் தருகிறேன். ராத்திரி பதினொன்றுக்கு மேல் மட்டும் கூப்பிடாதீர்கள்.