கையுறைக் கணக்கு

பெறுநர்:
மாட்சிமை தங்கிய பில்லிங் கவுன்ட்டர் அவர்கள்,
முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமான இ.சி.எச்.எஸ். பட்டியலில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனை.

பொருள்: 46 ஜோடி கையுறை – விளக்கம் கோருதல் தொடர்பாக.

ஐயா,

நடுராத்திரியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்த என்னை ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு அனுப்பினீர்கள். ஸ்டென்ட் சௌக்கியம். டாக்டர் நல்லவர், சிஸ்டர்கள் அவரைவிட நல்லவர்கள். அவர்களைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. கீழ்த்தளத்தில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்தபடி நீங்கள் செய்த வைத்தியத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

பட்டாளத்தில் நான் கம்பெனி குவார்ட்டர் மாஸ்டர் ஹவில்தார். கம்பளி, மெஸ் டின், தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குவது என் வேலை. ஒரு மக் குறைந்தாலும் ஜவானின் சம்பளத்தில் பிடித்தம். அந்தப் புத்தி பென்ஷன் வாங்கினாலும் போகாது போலிருக்கிறது. டிஸ்சார்ஜ் அன்று நீங்கள் நீட்டிய துண்டுச் சீட்டைக் கண்டதுமே எண்ண ஆரம்பித்துவிட்டேன். 'நான்-மெடிக்கல்' என்று தலைப்பு. அதன் கீழே கையுறை 46 ஜோடி, கேப், மாஸ்க், ஷூ கவர், அண்டர்பேட், 'கிட்' என்று பெயர் மட்டும் போட்ட ஏதோ ஒன்று. எனக்கு ஸ்டென்ட் போட்டது மணிக்கட்டு வழியாக. ஓர் ஊசித் துளைக்கு 46 ஜோடி கை! ஒரு பிளட்டூனே வரிசையில் வந்து என் மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போயிருக்க வேண்டும். மயக்கத்தில் நான் பதில் சல்யூட் வைத்தேனா என்று தெரியவில்லை.

இ.சி.எச்.எஸ். திட்டத்தோடு உங்கள் மருத்துவமனை போட்டிருக்கும் ஒப்பந்தத்தில் 'பேக்கேஜ்' என்றால் என்னென்ன அடங்கும் என்று பத்தி நீளத்துக்கு எழுதியிருக்கிறார்கள். அட்மிஷன், படுக்கை, சாப்பாடு, டாக்டர் விசிட், ஐ.சி.யூ., ஆபரேஷன் தியேட்டர், மருந்து மாத்திரை, ஒரு தடவை பயன்படுத்தித் தூக்கிப் போடும் சாமான்கள், இன்ன பிற சில்லறைகள் உட்பட. எழுதியவர் எதையும் விட்டுவிடக் கூடாது என்று மெனக்கெட்டிருக்கிறார், பாவம். உங்கள் கற்பனையைக் குறைத்து எடைபோட்டுவிட்டார்.

ஸ்டென்டில் உங்களுக்குக் கை கட்டுப்பட்டுப் போனது எனக்கும் தெரியும். 2017 பிப்ரவரியில் மருந்து தடவிய ஸ்டென்டுக்கு 29,600 ரூபாய்தான் என்று மத்திய அரசு விலை கட்டிவிட்டது. அதுவரை லட்சத்தைத் தாண்டி விற்ற சாமான். அன்றைக்குப் பிடித்தது கையுறைக்குச் சுக்கிர தசை.

சரி, உங்கள் பக்க நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் திட்டம் உங்களுக்குக் கொடுப்பது, மத்திய அரசு ஊழியர்களின் மருத்துவத் திட்டமான சி.ஜி.எச்.எஸ். விலை. 2014-ல் போட்ட அந்த விலைப்பட்டியல், நடுவில் 2023-ல் அறை வாடகையையும் டாக்டர் ஃபீஸையும் ஏற்றியதோடு சரி, முழுசாகத் திருத்தப்பட 2025 அக்டோபர் வரை ஆனது. அந்த விலைக்குப் போட்ட பில்லும் உடனே பாஸாகாது. 'கூடுதல் விவரம் தேவை' என்று திரும்பி வரும்; விவரம் கொடுத்தால் வெட்டிக் கொடுப்பார்கள்; அதுவும் எப்போது வரும் என்று தெரியாது. பாக்கி ஏறிப்போய், இனி இ.சி.எச்.எஸ். கார்டுக்கு வைத்தியம் இல்லை என்று கைவிரித்த ஆஸ்பத்திரிகள் நாட்டில் எத்தனையோ. டில்லியில் இதைக் கேட்க ஆளில்லை என்பது உண்மைதான்.

ஆனால் டில்லியிடம் வசூலிக்க வேண்டியதற்கு என் வீட்டுக்காரியை ஏஜென்ட்டாக நியமித்தது யார்? என்னை உள்ளே தள்ளிக்கொண்டு போன கையோடு அவளைக் கவுன்ட்டருக்குக் கூப்பிட்டீர்கள். அவள் கார்டை நீட்டினாள். "இ.சி.எச்.எஸ்.ஸாம்மா? அது காலைலதான் வெரிஃபை ஆகும். இப்ப ஒரு ஐம்பதாயிரம் டெபாசிட் கட்டிடுங்க, அப்புறம் பார்த்துக்கலாம்." அவசரத்துக்கு வந்தவரிடம் முன்பணம் கேட்கக் கூடாது, 48 மணி நேரத்துக்குள் திட்டத்துக்குத் தகவல் கொடுத்தால் போதும், கொடுக்க வேண்டியது ஆஸ்பத்திரி என்பதெல்லாம் அதே ஒப்பந்தத்தில் இருக்கிறது. ராத்திரி ஒரு மணிக்கு அவள் அதையா எடுத்துப் படிப்பாள்? எதிர்வீட்டு சுபேதார் சாப் பணம் கொடுத்தார். எங்கள் வேலூர்ப் பக்கம் வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரன், அதனால் பிழைத்தோம். மற்ற ஊர்க்காரன் வீட்டில் வளையலைக் கழற்றினாலும் அடகுக்கடை அந்த நேரத்தில் திறந்திருக்காது. நீங்களே பக்கத்தில் ஒன்று வைக்கலாம்.

இதில் இன்னொன்று. கவுன்ட்டரில் இருந்த தம்பி என்னிடம், "உங்களுக்கெல்லாம் ஃப்ரீ ட்ரீட்மென்ட்தானே சார், இதையாவது கட்டுங்க" என்றார். தம்பிக்குச் சொல்லிவையுங்கள். 2018-ல் நான் வெளியே வந்தபோது இந்தத் திட்டத்துக்கென்று 30,000 ரூபாய் பிடித்தார்கள். சுபேதார் மாதிரி ஜே.சி.ஓ.வுக்கு 67,000, அதிகாரிக்கு 1,20,000. சேர மாட்டேன் என்று சொல்ல வழியில்லை, கட்டாயம். திட்டத்தில் சேர்ந்துவிட்டதால், பென்ஷனோடு வரக்கூடிய மாதம் 1,000 ரூபாய் மருத்துவப்படியும் கிடையாது. அதற்கு எனக்கு ஜெனரல் வார்டு. மேலே போகப் போக செமி பிரைவேட், தனி அறை. நெஞ்சுவலி ரேங்க் பார்த்து வருவதில்லை, கட்டில்தான் பார்க்கிறது. அதற்கும் நான் முறையிடவில்லை. முன்கூட்டியே காசு கொடுத்து டிக்கெட் எடுத்தவனை ஓசிப் பயணி என்று சொல்ல வேண்டாம் என்கிறேன், அவ்வளவுதான்.

இப்போது என் கேள்விக்கு வருகிறேன். டிஸ்சார்ஜ் அன்று என்னிடம் இரண்டு தாள் வந்தது. திட்டத்துக்குப் போகிற பில்லில் கையெழுத்து வாங்கினீர்கள். அதில் 'பேக்கேஜ்' என்று ஒரு வரி, ஸ்டென்ட் என்று ஒரு வரி. கையுறையைத் தேடித் தேடிப் பார்த்தேன், இல்லை. சீல் இல்லாத, நம்பர் இல்லாத துண்டுச் சீட்டில்தான் 46 ஜோடியும் இருந்தது. டெபாசிட்டில் அதைக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தீர்கள். ரசீது கேட்டதற்கு, சிஸ்டம் டவுன்.

பேக்கேஜுக்குள் கையுறை இருக்கிறதென்றால் எனக்கு விற்றது எந்தக் கையுறை? இல்லையென்றால் அரசாங்கக் கணக்கில் எனக்கு வெறுங்கையோடு ஸ்டென்ட் வைத்தீர்களா? தயவுசெய்து எழுத்தில் தெரிவிக்கவும். இ.சி.எச்.எஸ். பாலிகிளினிக் பொறுப்பதிகாரிக்கு மனு எழுத வேண்டியிருக்கிறது. முதலாவது என்றால் பணம் பற்றி, இரண்டாவது என்றால் சுகாதாரம் பற்றி.

இப்படிக்கு,
ஒரு முன்னாள் ஹவில்தார்,
வேலூர் மாவட்டம்.

இணைப்பு: துண்டுச் சீட்டின் நகல். அசல் என்னிடமே இருக்கும், ஸ்டோர் பழக்கம்.