இறந்தவரை எழுப்பும் வைரத்துக்குச் செய்கூலி, சேதாரம் உண்டா?

கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974இல் வெளியிட்ட டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்னும் மேசை விளையாட்டில் நெருப்பு உமிழும் டிராகன் உண்டு. செத்தவரை எழுப்பும் மந்திரமும் உண்டு. இவை எப்படி நடக்கும் என்று கேட்பது பாமரர் வேலை. ஆய்வாளர் கேட்க வேண்டியது, என்ன விலை என்பதுதான். 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பு இதற்குத் தெளிவாகவே விடை தருகிறது. செத்து ஒரு நிமிடம் ஆவதற்குள் என்றால் ‘ரிவிவிஃபை’ மந்திரம். அதற்கு 300 பொற்காசு பெறும் வைரங்கள் வேண்டும். பத்து நாள் வரை என்றால் ‘ரெய்ஸ் டெட்’. 500 பொற்காசாவது பெறும் ஒற்றை வைரம். செத்து 200 ஆண்டு ஆகியிருந்தாலும் ‘ட்ரூ ரெசரெக்‌ஷன்’ உண்டு. வைரம் 25,000 பொற்காசுக்கு. முதலாவதற்குச் சில்லறையாகக் கொடுக்கலாம், இரண்டாவது ஒரே கல்லாகத்தான் வாங்கிக்கொள்ளும் என்பது தனி ஆய்வுக்குரியது. நமக்கு வேண்டியது வேறு. இந்த விதிகளில் காரட் பற்றி ஒரு சொல் இல்லை. நிறம், நீரோட்டம், தோஷம் எதுவும் இல்லை. விலை மட்டுமே இருக்கிறது. ஆகவே மந்திரம் கல்லைப் பார்ப்பதில்லை, கடைக்காரர் எழுதிய சீட்டைப் பார்க்கிறது என்பதே இக்கட்டுரையின் துணிபு.

இதற்கான முதற்சான்று ஆந்தை இறகில் கிடைக்கிறது. ஒரு பொருளில் என்ன மாயம் ஒளிந்திருக்கிறது என்று கண்டறியும் ‘ஐடென்டிஃபை’ மந்திரத்துக்கு இரண்டு பொருள்கள் தேவை: 100 பொற்காசாவது பெறும் முத்து ஒன்று, ஆந்தை இறகு ஒன்று. இறகுக்கு விலை குறிக்கப்படவில்லை. விலை குறிக்காத பொருள் எதுவானாலும் 25 பொற்காசுக்கு ஒரு சரக்குப் பையை வாங்கி இடுப்பில் கட்டிக்கொண்டால் போதும். அதில் அது இருப்பதாகக் கணக்கு. நெருப்புக்கோள மந்திரத்துக்கான வௌவால் எச்சமும் கந்தகமும்கூட இந்தப் பையிலேயே அடக்கம். விலை எழுதிய பொருளுக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது. பொருளின் தன்மை முக்கியமென்றால் இறகிலும் எச்சத்திலும் அல்லவா கறார் காட்டியிருக்க வேண்டும்? மந்திரம் பொருளை விட்டுக்கொடுக்கிறது, விலையை விட்டுக்கொடுப்பதில்லை.

‘பெறுமானம்’ என்பது கடைக்காரர் சொல்லும் விலையல்ல, கல்லுக்குள் நிலையாக இருக்கும் மதிப்பு என்று மறுப்போர் உண்டு. அப்படியொரு மதிப்பு அந்த உலகில் இருக்குமானால் அதை ஏணியில் தேடலாம். 2003இன் திருத்தப் பதிப்பில் பத்தடி ஏணி 5 செப்புக்காசு. பத்தடிக் கம்பு 2 வெள்ளிக்காசு, அதாவது 20 செப்புக்காசு. ஏணியை வாங்கிக் குறுக்குப் படிகளைத் தட்டிக் கழற்றினால் கையில் இரண்டு கம்பு. அவற்றைப் பாதி விலைக்குத் தள்ளினாலும் 20 செப்புக்காசு தேறும். போட்ட காசு நாலு மடங்கு, படிகள் அடுப்புக்கு. உயிரைப் பணயம் வைத்துப் பாதாளத்தில் இறங்குவோர் ஏன் மரக்கடை வைக்கவில்லை என்பது புரியாத புதிர். 2014 பதிப்பில் ஏணி 1 வெள்ளிக்காசு, கம்பு 5 செப்புக்காசு என்று திருத்தினார்கள். இப்போது இரண்டு கம்பின் விலையும் ஓர் ஏணியின் விலையும் மிகச் சரியாக ஒன்றே. படிகளும் தச்சர் கூலியும் இலவசம். மரத்துக்கே உள்மதிப்பு நிலைக்காத ஊரில் வைரத்துக்கு நிலைக்குமா? போதாக்குறைக்கு, அதே பதிப்பின் நவரத்தினப் பட்டியலில் வைரம் 5,000 பொற்காசு வரிசையில் மட்டுமே காணப்படுகிறது. 500 பொற்காசு வைரத்தை எந்தப் பட்டறையில் வெட்டுகிறார்களோ!

விலைதான் சக்தி என்று ஒப்புக்கொண்டால் அடுத்து வருவது இன்னும் விபரீதம். 1324இல் மாலிப் பேரரசர் மான்சா மூசா மெக்கா யாத்திரை வழியில் கெய்ரோவில் தங்கத்தை வாரி இறைக்க, அங்கே தங்கத்தின் மதிப்பே சரிந்தது. விளையாட்டின் வீரர்களும் குகைகுகையாகப் புகுந்து மூட்டைமூட்டையாகப் பொன்னைச் சந்தைக்குக் கொண்டுவருகிறார்கள். கைகாக்ஸ் இதை உணர்ந்தே இருந்தார். 1978 விதிநூலில் விலைகளின் உச்சத்துக்கு அலாஸ்கா தங்க வேட்டைக் கால ஊர்களை உவமை காட்டினார். பொன் மலிந்தால் பொன்னில் சொல்லும் விலை ஏறும். நேற்று 100 பொற்காசு பெற்ற பொடிக் கல் இன்று 500 பெறும். அதாவது கொள்ளை பெருகப் பெருக, மேலும் மேலும் சிறிய கல்லே பிணத்தை எழுப்பப் போதுமானதாகிறது. எழுப்பும்தோறும் ஒரு கல் அழிவதால் தட்டுப்பாடு முற்றி விலை இன்னும் ஏறும். இப்படியே போனால் ஒரு துகள் போதும். மாறாக, யாராவது வைரச் சுரங்கம் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டால் தேங்காய் அளவு கல் இல்லாமல் எவரும் எழமாட்டார். பூசாரிகள் எல்லோரும் விலைவாசி ஏற வேண்டுமென்று வேண்டிக்கொள்ளும் ஒரே உலகம் இதுவாகத்தான் இருக்கும்.

ஆட்டத்தில் குவியும் பணத்தை வடிக்கும் வாய்க்கால்தானே இது, இதற்கு ஏன் இவ்வளவு பொருளியல் என்பார்கள். வாய்க்கால் என்பது உண்மையே. ஆனால் அதன் அகலத்தைப் பாருங்கள். ரெய்ஸ் டெட் வைரம் 2003இல் 5,000 பொற்காசு, 2014இல் 500. பதினோரு ஆண்டில் உயிர் பத்தில் ஒரு பங்காக மலிந்தது. அப்படி மலிந்தும் யாருக்கு எட்டியது? தொழில் தெரியாத கூலியாளுக்கு நாளுக்கு 2 வெள்ளிக்காசு. ஏழையாக வாழ ஆகும் செலவும், அதே நூலின்படி, நாளுக்கு 2 வெள்ளிக்காசு. அவர் சோறு தண்ணீர் இல்லாமல் 2,500 நாள் உழைத்தால் மனைவியை எழுப்ப ஒரு கல் வாங்கலாம். மந்திரத்தின் கெடுவோ பத்து நாள்.

இனிப் பேரம். 300 பொற்காசு வைரத்தைக் கடைக்காரர் மனமிரங்கி 290க்குக் கொடுத்தால் அது 300 பெறுமா, 290 பெறுமா? செய்கூலியையும் சேதாரத்தையும் சேர்த்து 300 என்றால் கல்லின் பங்கு எவ்வளவு? விதிநூல் மௌனம் சாதிப்பதால் அறிவுள்ள பூசாரிக்கு ஒரே வழிதான் உண்டு. கூட்டாளி கடை வாசலில் விழுந்து கிடக்கிறார். ஒரு நிமிடத்தில் நாற்பது நொடி போய்விட்டது. “உங்களுக்காக இருநூத்தித் தொண்ணூறு, பத்தைத் தள்ளுபடி பண்ணிட்டேன்” என்கிறார் கடைக்காரர். “ஐயா, உங்க காலில் விழறேன், முந்நூறே வாங்கிக்குங்க. சீட்டிலயும் முந்நூறுன்னே எழுதிடுங்க!”