தெருமுனைப் பள்ளிக்கூடம்

கேள்வி: எங்கள் தெருமுனையிலேயே மாநகராட்சித் தொடக்கப்பள்ளி இருக்கிறது. தெருப் பிள்ளைகளோ காலை ஏழு மணிக்கே வேனில் ஏறி எங்கோ போகிறார்கள். ஏன் இப்படி?
– ஒரு வாசகி, ஆயிரம்விளக்கு, சென்னை.

பதில்: கோயில் என்றால் மலைமேல் இருக்க வேண்டாமா? நடந்துபோகிற தூரத்தில் இருக்கும் படிப்பு மண்டையில் ஏறாது என்று நம்மவர்களுக்கு ஒரு நம்பிக்கை. போதாக்குறைக்கு இங்கே ஃபீஸும் கிடையாது. எல்.கே.ஜி.க்கே கடன் வாங்கினால்தானே அப்பாவுக்குக் கௌரவம்!

உங்கள் பேட்டை லேசுப்பட்டதல்ல. பிட்டி தியாகராயர் மாநகராட்சித் தலைவராக இருந்தபோது, 1920-ல், ஆயிரம்விளக்குப் பள்ளியில்தான் பிள்ளைகளுக்கு டிபன் போட ஆரம்பித்தார்கள். தலைக்கு ஓரணாவுக்கு மேல் போகக் கூடாது என்று கண்டிப்பு வேறு. காமராஜரின் மதிய உணவு, எம்.ஜி.ஆரின் சத்துணவு, 2022-ல் வந்த காலை உணவு எல்லாவற்றுக்கும் மூத்த அண்ணன் அந்த ஓரணா டிபன்.

குறையே இல்லையா என்றால், உண்டு. 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி அறுபது பிள்ளைகள் வரை இரண்டே ஆசிரியர்கள். வகுப்போ ஐந்து! ஒரு டீச்சர் கரும்பலகையில் மூன்றாம் வகுப்புக்குக் கணக்குப் போட்டுவிட்டுத் திரும்பினால், ஒன்றாம் வகுப்பு பெஞ்சின்மேல் நிற்கும். பிள்ளை குறைந்தால் டீச்சர் குறைவார். டீச்சர் குறைந்தால் மிச்சப் பிள்ளையும் வேன் ஏறும். கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று அம்மாக்கள் எட்டிப்பார்ப்பதும் நியாயம்தான்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். வேன் பிள்ளை வாயில் திணித்த இட்லியை விழுங்குமுன் ஹாரன் அடித்துவிடும். முனைப்பள்ளிப் பிள்ளை நிதானமாக நடந்துபோய் உட்கார்ந்து சாப்பிடுகிறது. புதன்கிழமையானால் பொங்கல், சாம்பாரோடு.