ஒட்டுவாரொட்டிக்கு ஒரு கணக்கு

கேள்வி: தொற்றுநோய்க்கு டாக்டர் போதாதா? கணக்கு வாத்தியாருக்கு அங்கே என்ன வேலை?

பதில்: டாக்டர் நோயாளியைப் பார்க்கிறார், கணக்கு ஊரைப் பார்க்கிறது. ஊரை மூன்று வரிசையில் நிறுத்துகிறது: நோய் இனிமேல் வரக்கூடியவர்கள், இப்போது படுத்திருப்பவர்கள், வந்து முடிந்தவர்கள். போய்ச் சேர்ந்தவர்களும் மூன்றாவது வரிசைதான். கணக்குக்கு ஈவிரக்கம் கிடையாது. வரிசை விட்டு வரிசை எவ்வளவு வேகமாக ஆள் நகர்கிறது என்பதுதான் மொத்த சூத்திரமும்.

கேள்வி: இதுவும் வெள்ளைக்காரன் கண்டுபிடித்ததுதானா?

பதில்: ஆமாம், ஆனால் உரைகல் நம்முடையது. கசௌலி பாஸ்டர் நிறுவனத்தில் இருந்த டாக்டர் மெக்கென்ட்ரிக்கும், ஆய்வுக்கூட வெடிவிபத்தில் பார்வை இழந்த வேதியியலாளர் கெர்மாக்கும் 1927-ல் எழுதிய கட்டுரை அது. 1905-06 பம்பாய் பிளேக்கில் வாராவாரம் இறந்தவர்களின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டார்கள். சூத்திரம் போட்ட கோடு ஏறக்குறையப் பொருந்தியது. வேடிக்கை என்னவென்றால், பிளேக்கைப் பரப்பியது எலித்தெள்ளு. சூத்திரத்தில் எலியும் இல்லை, தெள்ளும் இல்லை! ஜாதகம் பொருந்தினால் மட்டும் போதாது, பெண்ணையும் பார்க்க வேண்டும்.

கேள்வி: ஊரில் எல்லோருக்கும் வந்து தீர்ந்த பிறகுதானே கொள்ளைநோய் ஓயும்?

பதில்: இல்லை. விறகு மிச்சமிருக்கும்போதே தீ அணையும். ஒரு நோயாளி சராசரியாக ஒருவருக்கும் குறைவாகப் பரப்பினால் நோய்க்கு இறங்குமுகம். தட்டம்மையை எடுத்துக்கொள்ளுங்கள். எதிர்ப்புச் சக்தியே இல்லாத ஊரில் ஒருவர் 12 முதல் 18 பேருக்குக் கொடுப்பார். 15 என்றே வையுங்கள். அந்தப் பதினைந்தில் 14 பேர் தடுப்பூசியால் தப்பினால், மிஞ்சுவது ஒருவர். 15-ல் 14 என்றால் நூற்றுக்கு 93. தட்டம்மைக்கு 95 சதவீதம் என்று சுகாதாரத் துறை அடம்பிடிப்பது ஏன் என்று புரிகிறதா?

கேள்வி: கொரோனா உச்சத்துக்கு ஆளாளுக்குத் தேதி குறித்தார்களே, பலித்ததா?

பதில்: பல தேதிகள் பலிக்கவில்லை. "இப்படியே போனால்" என்பது கணக்கின் முதல் வரி. செய்தியில் அதைத்தான் முதலில் வெட்டினார்கள். நீங்கள் குடை எடுத்துப் போனால் மழை நிற்காது. ஆனால் நோய் வருமென்று ஊரே வீட்டில் அடைந்தால் நோய் குறையும், சொன்னவர் பொய்யராவார். போதாக்குறைக்கு 2021-ல் டெல்டா என்று வைரஸும் வேஷம் மாற்றியது.

கேள்வி: கொரோனா இருக்கட்டும், மலேரியாவுக்கு என்ன கணக்கு? கொசுவை ஒழிக்கவே முடியாதா?

பதில்: முடியாது, தேவையுமில்லை. 1897-ல் செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்ட ரொனால்டு ராஸ், 1911-ல் புத்தகத்தில் கணக்கே போட்டுக் காட்டினார்: கொசு ஓர் அளவுக்குக் கீழே குறைந்தால் போதும், மலேரியா தானே ஓயும். மிச்சக் கொசு கடிக்கும், காய்ச்சல் தொடராது. சென்னையில் மலேரியாக் கொசு முட்டையிடும் இடங்களில் ஒன்று மாடித் தொட்டி. எல்லாத் தொட்டிக்கும் மூடி வேண்டியதில்லை. அதற்காக உங்கள் வீட்டுத் தொட்டியை அந்த மிச்சக் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள்!