ஏழரை லட்சம் மூக்குகள்

போன வாரம் போடியில் ஒரு கல்யாணம். கேரளத்தில் எங்கள் ஊரான பள்ளிவாசலிலிருந்து கிளம்பி, போடிமெட்டு வளைவுகளில் குடல் புரண்டு இறங்கி, மண்டபத்து மாடியில் ஜமுக்காளத்தை விரித்துப் படுத்தேன். காலையில் போனைத் திறந்தால் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் என் குறட்டை ஓடிக்கொண்டிருக்கிறது. உபயம், அக்கா மகன். “மண்டபத்து ஜெனரேட்டர்” என்று தலைப்பு வேறு. கீழே வரிசையாக, கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கும் மஞ்சள் மூஞ்சிகள். முதல் மூஞ்சி பெரியப்பாவுடையது. அவர் படுத்தால் தேயிலைத் தோட்டத்து லயத்தில் அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள் எழுந்து உட்கார்ந்து கட்டன் சாயா போட்டுக் குடித்த சரித்திரம் உண்டு. ஆனால் அவர் குறட்டை விடுவதில்லையாம். “லேசா மூச்சு வாங்கும், அம்புட்டுத்தான்.” நம் எல்லோர் வீட்டிலும் குறட்டை விடுகிறவர் பக்கத்தில் படுத்திருப்பவர்தானே.

பதிவைக் கேட்டேன். விடாமல் ஒரே சீராக ஓடுகிறது. எனக்குச் சந்தேகம். உடம்பெல்லாம் வயர் ஒட்டி, நெஞ்சில் பெல்ட் கட்டி, விரலில் கிளிப் மாட்டி, “இனிமே நல்லா உறங்கிக்கோ” என்று சொல்லப்பட்டு ஒரு ராத்திரி சோதனையில் கிடந்தவன் நான். என் குறட்டை எப்படி ஏறி இறங்கும் என்று காகிதத்தில் பார்த்திருக்கிறேன். மருமகனைப் பிடித்துக் கேட்டேன்.

“நடுநடுவுல சத்தமே வரல மாமா. போரடிக்கும்னு அந்த எடத்தையெல்லாம் கட் பண்ணிட்டேன்.”

அடப்பாவி, அந்த இடம்தானடா வியாதி! தூக்கத்தில் தொண்டைச் சதை தளர்ந்து மூச்சுப் பாதையை மூடிவிடும். 10 விநாடி, சமயத்தில் அதற்கும் மேல், காற்றே போகாது. ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கும். மூளை பதறிப்போய் ஆளை உலுக்க, ஒரு திணறலோடு மூச்சு மறுபடி ஆரம்பிக்கும். முழு அடைப்பும் அரைகுறை அடைப்பும் சேர்த்து மணிக்கு 5-க்குள் இருந்தால் பயமில்லை. 15 வரை லேசு, 30 வரை நடுத்தரம், அதற்கு மேலே போனால் கடுமை. டாக்டர்கள் எண்ணுவது அந்த நிசப்தங்களைத்தான். குறட்டை ஓடும்போது ஊரே திட்டும். நின்றதும் “அப்பாடா” என்று எல்லோரும் புரண்டு படுத்துவிடுவார்கள். நான் மூச்சில்லாமல் கிடக்கும் நேரத்தில்தான் என் சொந்தபந்தங்களுக்கு நல்ல தூக்கம்.

சினிமாவும் உதவவில்லை. 2023-ல் ‘குட் நைட்’ வந்தது. மணிகண்டன் அதில் குறட்டை விடும் ‘மோட்டார்’ மோகன். அன்றிலிருந்து எனக்கும் அந்தப் பட்டம். மறு வருஷம் ‘டியர்’ படத்தில் ஐஸ்வர்யா ராஜேஷ் குறட்டை விட்டார். அவரைப் பார்த்தாவது ஊர் திருந்தும் என்று நினைத்தேன். இல்லை. இந்தி இசையமைப்பாளர் பப்பி லஹிரி 2022 பிப்ரவரியில் இறந்தபோது மருத்துவர்கள் சொன்ன காரணம் இந்த வியாதி. அதற்கு எந்தக் குழுவிலும் மஞ்சள் மூஞ்சி வரவில்லை.

சரி, சிகிச்சைக்கு வருகிறேன். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

முதலில் மெஷின். சிபாப் என்பார்கள். மூக்கில் மாஸ்க், அதிலிருந்து ஒரு குழாய், குழாயின் முனையில் காற்றைத் தள்ளும் சிறு பெட்டி. அந்தக் காற்றழுத்தம் தொண்டையை மூடவிடாமல் பிடித்துக்கொள்ளும். சிட்னியில் காலின் சல்லிவன் என்ற டாக்டர் வாக்குவம் கிளீனர் மோட்டாரை வைத்துச் செய்து பார்த்து, 1981-ல் எழுதி வெளியிட்டார். உலகம் முழுக்க இன்றைக்கும் பெரிய வைத்தியம் அதுதான். என்னிடமும் இருக்கிறது. மண்டபத்துக்கு ஏன் கொண்டுபோகவில்லை என்கிறீர்களா? மாடியில் இருந்த ஒரே ப்ளக்கில் மாப்பிள்ளை வீட்டார் போன்கள் கொத்தாகத் தொங்கின.

வீட்டில் கதை வேறு. இடவப்பாதி மழை பிறந்துவிட்டால் பள்ளிவாசலில் காற்றடிக்கும், கிராண்டிஸ் மரம் ஒடிந்து கம்பியில் விழும், கரண்டு போகும். மெஷின் நிற்கும். மாஸ்க்கில் துளை இருக்கிறது, ஒன்றும் ஆகாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஆனால் இருட்டில் முகத்தில் ரப்பரோடு திணறி எழுந்தவனுக்குத் துளை ஞாபகம் வருமா? எழுந்து ஜன்னலைத் திறந்தால் எதிரே மலைமேல் மின்நிலையத்தின் பென்ஸ்டாக் குழாய்கள். கேரளத்தின் முதல் நீர்மின் நிலையம் ஐயா இது! 1940-ல் ஓடத் தொடங்கியது. முதிரப்புழை ஆற்றைத் திருப்பி, குழாயில் இறக்கி, இங்கே எடுத்த கரண்டில்தான் ஆலுவாயில் அலுமினியமே செய்தார்கள். பாக்சைட் மண்ணுக்குக் கிடைத்த மரியாதை என் தொண்டைக்கு இல்லை.

ஒரு ராத்திரி தூக்கம் வராமல் கணக்குப் போட்டேன். நிலையத்தின் திறன் 37.5 மெகாவாட். என் மெஷின் 50 வாட் தின்கிறது என்று வைத்துக்கொள்வோம். வகுத்தால் எத்தனை மெஷின்? ஏழரை லட்சம். கணக்கிலும் ஏழரை! உள்ளே இருக்கும் ஆறு ஜெனரேட்டரில் மூன்று 5 மெகாவாட், மீதி மூன்றும் என்ன தெரியுமா? ஆளுக்கு 7.5. இந்த ஊருக்குச் சனி தனியாக வரவேண்டியதில்லை. 2011 சென்சஸில் இடுக்கி மாவட்டத்து ஜனத்தொகை பதினோரு லட்சம் சொச்சம். கைக்குழந்தைகளைக் கழித்துவிடலாம். குறட்டையே விடாத புண்ணியவான்கள் என்று தங்களைத் தாங்களே சொல்லிக்கொள்பவர்களையும் கழிக்கலாம்தான். கழித்தால் மாவட்டமே காலி. ஆகவே மூன்றில் இரண்டு பேருக்கு மாஸ்க். மிச்சப்பேர் முறைவைத்துத் தூங்கட்டும். பெரியப்பாவுக்கு மட்டும் இரண்டு கனெக்‌ஷன். அலுமினியம் வேண்டுவோர் காலையில் வரவும்.

கரண்டே வேண்டாத சிகிச்சையும் உண்டு. ஆஸ்திரேலியப் பழங்குடிகளின் டிஜெரிடூ என்ற நீண்ட மரக்குழலை ஊதிப் பழகினால் தொண்டைத் தசை இறுகும் என்று சுவிட்சர்லாந்தில் 25 பேரை வைத்துச் சோதித்து, 2006-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். நாலு மாதம் ஊதியதில் பகல் தூக்கம் குறைந்ததாம். 2017-ல் அவர்களுக்கு, வேடிக்கையான ஆராய்ச்சிகளுக்குத் தரும் இக் நோபல் பரிசு கிடைத்தது. எந்தப் பிரிவில்? சமாதானம். ஒரு சுவரை இரண்டு வீடு பங்குபோடும் லயத்தில் வந்து நாலு மாதம் ஊதிப் பார்க்கட்டும், சமாதானம் தெரியும்.

மற்றபடி, எடையைக் குறைக்கச் சொல்கிறார்கள். ராத்திரித் தண்ணியை விடச் சொல்கிறார்கள். கீழ்த்தாடையை முன்னுக்கு இழுத்து வைக்கும் பல்தட்டு இருக்கிறது. ஆபரேஷன் இருக்கிறது. பருமனோடு இது நடுத்தரமாகவோ கடுமையாகவோ உள்ளவர்களுக்கு டிர்செபடைட் ஊசியை 2024 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதித்திருக்கிறார்கள். எது யாருக்கு என்பது சோதனை செய்த டாக்டர் சொல்லவேண்டியது, குடும்பக் குழு அல்ல. அதை விரிவாக எழுதத்தான் நினைத்தேன். ஏழரை லட்சத்தில் இடம் போய்விட்டது.

மல்லாந்து படுத்தால் சிலருக்கு அடைப்பு அதிகம். அதனால் பனியன் முதுகில் ஒரு டென்னிஸ் பந்தைத் தைத்துக்கொண்டால் தானாக ஒருக்களித்துவிடுவோம் என்பது பழைய உபாயம். கரண்டு இல்லாத ராத்திரிகளுக்காக என் மனைவி தைத்துக் கொடுத்தாள். துவைத்துக் கொடியில் போட்டிருந்தோம். கொழுந்து எடுக்கப் போகும் வழியில் பக்கத்து லயத்துத் தங்கச்சி நின்று பார்த்தாள்.

“என்ன அண்ணே, திருஷ்டிக்கா?”

ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.